ஆர்டர் போட்ட ஹைபிரிட் பிக்கப் கைக்கு வரும் வரை என்ன செய்வது? முதல்முறை வாங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் பிக்கப்பை (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும், பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டி) ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருக்கும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்போ வரும்?" டீலரிடம் கேட்டால் "இன்னும் சில வாரம்" என்பார். அடுத்த மாதம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது.

ஆனால் வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்ணோ, ஒரு தாளோ உருவாகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மேவரிக் 2021 ஜூனில் அறிமுகமானது. ஆரம்ப விலை 19,995 டாலர், அதுவும் ஹைபிரிட் எஞ்சினோடு. நகர ஓட்டத்தில் கேலனுக்கு 42 மைல் என்று அரசு மதிப்பீடு வந்ததும் கூட்டம் அலைமோதியது. சில மாதங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் முன்பதிவு. 2022 ஜனவரி முடிவதற்குள் அந்த ஆண்டு மாடலுக்கான ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள். 2023 மாடலுக்கு 2022 செப்டம்பரில் ஆர்டர் திறந்தது. சுமார் ஒரு வாரத்தில் மூடிவிட்டார்கள். இன்று அந்த அளவு நெருக்கடி இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட நிறம், குறிப்பிட்ட வசதிகளோடு ஹைபிரிட் கேட்டால் காத்திருப்பு இருக்கத்தான் செய்யும்.

படி 1: ஆர்டர் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்

டீலர் இரண்டு விதமாக ஆர்டர் போடலாம். ஒன்று, வாடிக்கையாளர் பெயரில் போடும் ரீடெயில் ஆர்டர். இன்னொன்று, கடையில் நிறுத்தி விற்பதற்காக அவர் போடும் ஸ்டாக் ஆர்டர். முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டாவது வகையில் போட்டுவிட்டால், வண்டி வந்து இறங்கும் நாளில் அது உங்களுடையது என்பதற்குப் பிடிமானம் குறைவு. ரீடெயில் ஆர்டர் என்றால் நிறுவனத்திடமிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு உறுதிச் செய்தி வரும். வரவில்லை என்றால் டீலரிடம் மின்னஞ்சல் முகவரி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கூடவே நான்கை எழுத்தில் வாங்குங்கள்: ஆர்டர் எண், டீலர் குறியீடு, ஆர்டர் தாளின் நகல், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது. ஆர்டர் எண்ணும் டீலர் குறியீடும் இருந்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் நேரடியாக நிலவரம் கேட்கலாம்.

விலையையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். சாவி வாங்கும் வரைக்குமான மொத்த விலை வேண்டும்: வண்டி விலை, கொண்டுவரும் கட்டணம், டீலரின் ஆவணக் கட்டணம், வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து. "ஸ்டிக்கர் விலைக்கு மேல் டீலர் தன் பங்குக்கு எதுவும் கூட்டமாட்டார்" என்ற வரி ஆர்டர் தாளில் இருக்க வேண்டும் (ஸ்டிக்கர் விலை என்பது வண்டியில் ஒட்டும் சீட்டில் நிறுவனம் அச்சிடும் விலை). சொன்னேன், கேட்டேன் என்பதெல்லாம் மாதங்கள் கழித்து நிற்காது.

படி 2: அட்டவணையில் ஏறும் வரை

பொறுமை அதிகம் தேவைப்படும் கட்டம் இது. குழப்பமும் இங்கேதான் அதிகம். ஆர்டர் போட்டாயிற்று, ஆனால் ஆலை அதை இன்னும் கையில் எடுக்கவில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, டீலருக்கான ஒதுக்கீடு. ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை வண்டிதான் என்று நிறுவனம் பங்கு பிரிக்கிறது. அதிகம் விற்கும் டீலருக்கு அதிகப் பங்கு. சின்ன ஊர் டீலர் அன்பாகப் பேசுவார், விலையும் குறைத்துத் தருவார்; ஆனால் அவருக்கு வரும் ஹைபிரிட் ஒதுக்கீடு மிகக் குறைவாக இருக்கலாம். "எனக்கு முன்னால் எத்தனை ரீடெயில் ஹைபிரிட் ஆர்டர் இருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது, முன்னுரிமை எண். ரீடெயில் ஆர்டர்களுக்கு டீலர் 10 முதல் 19 வரை ஒரு எண் தருகிறார். 10 என்றால் முதலில், 19 என்றால் கடைசியில். உங்கள் எண் என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது, பாகத் தட்டுப்பாடு. நீங்கள் கேட்ட ஒரே ஒரு வசதிக்கான பாகம் தட்டுப்பாட்டில் இருந்தால், அதற்காக முழு வண்டியும் நிற்கும். எது தட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற பட்டியல் டீலரிடம் இருக்கும். அந்த வசதி இல்லாமல் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். பின்தொட்டியில் தெளிக்கும் உள்பூச்சு, தொட்டி மூடி மாதிரியானவற்றை வண்டி வந்தபிறகு வெளியிலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாதுகாப்பு உதவி வசதிகள், இழுவைத் தொகுப்பு போன்றவற்றைப் பின்னால் அதே தரத்தில் சேர்ப்பது கடினம்; அவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. இழுவை பற்றி ஒன்று: முன்சக்கர இயக்க ஹைபிரிட் 2,000 பவுண்டுதான் இழுக்கும். 2025 மாடலில் வந்த நான்கு சக்கர இயக்க ஹைபிரிட்டில் உரிய தொகுப்பைச் சேர்த்தால் 4,000 பவுண்டு. படகோ டிரெய்லரோ இழுக்கும் எண்ணம் இருந்தால் ஆர்டரை மாற்ற இதுதான் நேரம். ஆலை அட்டவணையில் ஏறிவிட்டால் மாற்ற முடியாது.

ஆலை அட்டவணையை வாரந்தோறும் போடுகிறார்கள். உங்கள் ஆர்டர் அதில் ஏறினால் "இந்த வாரத்தில் உங்கள் வண்டி தயாராகும்" என்று ஒரு திங்கட்கிழமைத் தேதியோடு மின்னஞ்சல் வரும். அது வரும் வரை யார் என்ன தேதி சொன்னாலும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

மாடல் ஆண்டு முடிந்தும் ஆர்டர் ஏறவில்லை என்றால் அடுத்த ஆண்டு மாடலுக்கு மாற்றச் சொல்வார்கள். அப்போது விலையும் வசதிகளும் மாறும். 2024 மாடலில் இப்படித்தான் ஹைபிரிட் எஞ்சின் கூடுதல் விலைக்கு வாங்கும் ஒன்றாகிவிட்டது. 2025 மாடலில் திரும்பவும் அடிப்படை எஞ்சினாக வந்தது. "பழைய விலைக்குப் பாதுகாப்பு உண்டா?" என்று கேட்டு, உண்டு என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: வின் எண் வந்ததும்

அட்டவணையில் ஏறியதும் 17 இலக்க வின் எண் (VIN, ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) கிடைக்கும். இதுவரை வெறும் கோரிக்கையாக இருந்தது இனி ஒரு குறிப்பிட்ட வண்டி. அந்த எண்ணைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்துகொண்டால் நல்லது. முதல் இலக்கம் 3 என்றால் மெக்சிகோவில் தயாராகும் வண்டி. மேவரிக் அங்கே சொனோரா மாநிலத்தின் எர்மோசில்யோ நகர ஆலையில்தான் தயாராகிறது. 8-வது இலக்கம் எஞ்சினைக் குறிக்கும். 10-வது இலக்கம் மாடல் ஆண்டு: 2025-க்கு "எஸ்" (S), 2026-க்கு "டி" (T). வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. யாராவது போனில் "ஓ" என்று சொன்னால் அது பூஜ்யம்.

அடுத்து விண்டோ ஸ்டிக்கர், அதாவது வண்டியின் வசதிகளும் விலையும் அச்சிட்டு ஜன்னலில் ஒட்டும் சீட்டு. தயாரிப்புத் தேதியை ஒட்டி, வின் எண்ணை வைத்து இதைப் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். டீலரிடம் கேட்டாலும் தருவார். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் இந்தச் சீட்டு ஒட்டப்பட வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயரால் இதை மன்ரோனி லேபிள் என்றும் சொல்வார்கள். ஸ்டிக்கரையும் உங்கள் ஆர்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். நிறம், எஞ்சின், இயக்கம், தொகுப்புகள், விலை. தவறு இருந்தால் அன்றே டீலருக்கு மின்னஞ்சல் போடுங்கள், போன் வேண்டாம்.

படி 4: தயாரான பிறகும் வரவில்லையே?

"தயாராகிவிட்டது" என்று செய்தி வந்ததும் அடுத்த வாரமே வீட்டு வாசலில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆலையிலிருந்து வண்டிகள் பெரும்பாலும் ரயிலில் வடக்கே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் வருகின்றன. ஏதோ ஒரு பெரிய ரயில் முனையத்தில் இறக்கி, பகுதிவாரியாகப் பிரித்து, கடைசித் தூரத்தைக் கார் ஏற்றும் லாரியில் கொண்டுவருவார்கள். ஒரே பக்கம் போகும் வண்டிகள் சேரும் வரை முனையத்தில் நிற்கும். இந்த நாட்களில் இணையத்தில் காட்டும் வருகைத் தேதி முன்னும் பின்னும் தள்ளும். அதைப் பார்த்து விமான டிக்கெட்டோ விடுமுறையோ போடாதீர்கள்.

சில சமயம் தரப் பரிசோதனைக்காகவோ, பாதுகாப்பு ரீகாலுக்காகவோ (குறையுள்ள வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) ஆலையிலோ டீலரிடமோ பிடித்து வைப்பார்கள். 2022 ஜூலையில் 2.5 லிட்டர் ஹைபிரிட் எஞ்சின் உள்ள எஸ்கேப், மேவரிக், லிங்கன் கோர்செர் என சுமார் ஒரு லட்சம் வண்டிகளுக்குத் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக ரீகால் அறிவித்தார்கள். ரீகால் பாக்கியுள்ள புது வண்டியை டீலர் உங்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். தாமதம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகும் வண்டி. அந்த வேலை முடிந்த பிறகே வரட்டும். தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வின் எண்ணைப் போட்டு நீங்களும் பார்க்கலாம்.

படி 5: பணமும் பழைய காரும்

கடனுக்கு இப்போதுதான் விண்ணப்பிக்க வேண்டும், ஆர்டர் போட்ட அன்று அல்ல. கடன் ஒப்புதல் பெரும்பாலும் 30 முதல் 60 நாள்தான் நிற்கும். வண்டி ரயிலில் ஏறியதும் உங்கள் கிரெடிட் யூனியனிலும் (உறுப்பினர்களுக்கான கூட்டுறவு நிதி அமைப்பு) இன்னும் ஓரிரு வங்கியிலும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லா விண்ணப்பமும் முடிந்தால் உங்கள் கிரெடிட் மதிப்பெண்ணில் அவை ஒரே விசாரணையாகக் கணக்காகும். பிறகு டீலரிடம் "இதைவிடக் குறைந்த வட்டி தர முடியுமா?" என்று கேட்கலாம்.

மின்சார வண்டிக்கு இருந்த மத்திய அரசின் வரிச் சலுகையை இதற்குக் கணக்குப் போடாதீர்கள். அதற்குக் குறைந்தது 7 கிலோவாட் மணி பேட்டரி வேண்டியிருந்தது. மேவரிக்கின் பேட்டரி 1.1 கிலோவாட் மணிதான். இது சொருகிச் சார்ஜ் செய்யும் வண்டி இல்லை.

பழைய காரை வண்டி டீலர் வளாகத்துக்குள் வந்து இறங்கும் வரை விற்க வேண்டாம். விலை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலையும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். காப்பீட்டுக்கு வின் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே மேற்கோள் வாங்கிவிட்டால் போதும்.

படி 6: வண்டி எடுக்கும் நாள்

பகலில் போங்கள். மழையில்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்தில் பெயின்ட் கீறல் தெரியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டியைப் பாருங்கள். டீலர் கடையில் வாங்கிய காரை மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். மத்திய வர்த்தக ஆணையத்தின் அந்த விதி டீலர் கடையில் நடக்கும் விற்பனைக்குப் பொருந்தாது.

வெளியே: கதவு இடைவெளிகள் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, கண்ணாடியில் கல் பட்ட புள்ளி உண்டா, பின்தொட்டியில் சங்கிலி பட்ட தழும்பு உண்டா, பின்கதவு பாதியில் நிற்கிறதா, ஸ்பேர் டயர் இருக்கிறதா.

டயர் காற்று தனிக் கவனம் வேண்டியது. ஏற்றி அனுப்பும்போது காற்றை அதிகமாக அடித்து அனுப்புவார்கள். டீலர் அதைக் குறைக்க மறந்துவிடுவது உண்டு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். அதே தூணில் தயாரிப்பு மாதமும் வின் எண்ணும் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள வின் எண்ணோடு அதைச் சரிபாருங்கள்.

உள்ளே: ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எஞ்சின் சத்தம் வராமலே வண்டி தயார் என்று திரையில் காட்டலாம். ஹைபிரிட்டுக்கு அது இயல்பு. கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, எஞ்சின் தானாக எழுந்து அணைகிறதா என்று கவனியுங்கள். எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். சாவி இரண்டு இருக்க வேண்டும்.

பிறகு தாள்களுக்கு வாருங்கள். நிதி அறையில் கண்ணாடிச் செதுக்கு (கண்ணாடியில் வின் எண்ணைப் பொறிப்பது), பெயின்ட் பாதுகாப்பு, நீட்டிப்பு உத்தரவாதம் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். படி 1-இல் எழுதி வாங்கிய மொத்த விலையை மேசையில் வையுங்கள். அதில் இல்லாத எதையும் "வேண்டாம், நன்றி" என்று சொல்லலாம். ஹைபிரிட் பாகங்களுக்கு ஏற்கெனவே 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் இருக்கிறது. பொதுவான உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். உத்தரவாதம் தொடங்கும் தேதியாக நீங்கள் வண்டி எடுக்கும் நாள்தான் பதிவாக வேண்டும். வண்டி வந்து இறங்கிய நாளைப் போட்டிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

தற்காலிக நம்பர் பிளேட்டில் காலாவதித் தேதி இருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டலைப் போனில் போட்டுவிட்டு, நிரந்தரப் பிளேட் அதற்குள் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியை எடுங்கள்.