நூறு முடிச்சுக் கயிறு: பிரபஞ்சத்தோட கடைசி வரை போக ஒரு வழி

பன்னெண்டு மீட்டர் நைலான் கயிறு, ஒரு மார்க்கர், ஒரு மொட்டை மாடி. பிரபஞ்சத்தோட வருங்காலத்தைக் கயிறுல அளந்து காட்ட இவ்வளவுதான் வேணும். எங்க வீடு சென்னை காசிமேட்டுல. அப்பா வலை பின்னுறவர், கயிறுக்குப் பஞ்சமில்ல. நான் டியூஷன் எடுக்கிறேன். ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில நிக்கும், அப்பாவும் மாடியில வலையோட உக்காந்திருப்பார். பசங்களோட இதைச் செய்ய அதுதான் தோதான நேரம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். ஒரு சாணுக்கு 100 கோடி வருஷம்னு கணக்கு வச்சேன். சூரியன் வீங்கிச் சிவக்க 500 கோடி வருஷம், அஞ்சு சாண், சரி. புது நட்சத்திரம் பிறக்கிறதே நின்னுபோற காலத்துக்கு லட்சம் சாண் வந்துது. இருபது கிலோமீட்டருக்கு மேல! கயிறு எண்ணூர் ஊரையே தாண்டிடும். "அவ்ளோ கயிறுக்கு யாரும்மா காசு குடுப்பா?"ன்னார் அப்பா.

அதனால முடிச்சு போடுங்க, நாலு விரல் தள்ளி ஒண்ணு. முதல் முடிச்சு இன்னையிலேர்ந்து 10 வருஷம், ரெண்டாவது 100, மூணாவது 1000. ஒவ்வொண்ணும் முன்னதைவிடப் பத்து மடங்கு. பசங்க இதை மறந்துட்டு எல்லா இடைவெளியும் ஒண்ணுன்னு நினைப்பாங்க, திரும்பத் திரும்பச் சொல்லணும்.

நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மார்க்கர்ல ஒரு கோடு: சுமார் 40,000 வருஷம். 1977ல கிளம்பின வாயேஜர் 1 விண்கலம் அப்பதான் இன்னொரு நட்சத்திரத்துக்கு 1.6 ஒளியாண்டு பக்கத்துல போகும். அஞ்சாவது முடிச்சை ஒட்டி, மார்கழி வானத்துல சிவப்பா தெரியுற திருவாதிரை வெடிச்சிருக்கும்னு கணிப்பு. ஒன்பதாவது 100 கோடி: சூரியன் வெளிச்சம் ஏறி ஏறி, கடல் வத்திப்போற காலம். இங்க பசங்க தானா கடல் பக்கம் திரும்புவாங்க. கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.

அதுக்குள்ள மனுஷங்க வேற அடுப்பு தேடணும். ப்ராக்ஸிமா சென்டாரி மாதிரி சின்னச் சிவப்பு நட்சத்திரம் சிக்கனமா எரியும், லட்சம் கோடிக் கணக்குல வருஷம் தாங்கும். பன்னெண்டு, பதிமூணு முடிச்சு வரைக்கும் குளிர் காயலாம். பதினாலோட நட்சத்திரப் பிறப்பு நின்னுடும். மிச்சம் 86 முடிச்சு, பெரும்பாலும் இருட்டு.

இருட்டுல எப்படி வாழுறது? 1979ல ஃப்ரீமேன் டைசன்னு ஒரு இயற்பியலாளர் ஒரு கணக்கு போட்டார்: உடம்பைக் குளிரவச்சு, மெதுவா யோசிச்சு, நீளநீளமா தூங்கி எழுந்தா, கையில இருக்கிற சக்தியை முடிவில்லாம இழுக்கலாம். நான் விளக்கத் திணறினப்ப அப்பா வலை ஊசியைக் கீழ வச்சார். "தடைக்காலம் மாதிரிடா. செலவைச் சுருக்கு, படுத்துக்கோ, காத்திரு." அதைவிட நல்லா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா 1998ல, பிரபஞ்சம் விரியுற வேகமே கூடுதுன்னு தெரிஞ்சுது. அது அப்படியே தொடர்ந்தா விண்வெளி ஒரு அளவுக்குக் கீழ குளிராது, தூங்குற கணக்கு உதைக்கும். தடைக்காலத்துக்காவது ஜூன் 14னு ஒரு தேதி இருக்கு.

அறுபத்தேழாவது முடிச்சுல, சூரியன் எடையுள்ள கருந்துளை (வெளிச்சம்கூடத் தப்ப முடியாத இடம்) ஆவியாகி முடிஞ்சிருக்கும். கருந்துளையும் கரையும்னு 1974ல ஹாக்கிங் சொன்னது. நூறாவதுக்குப் பக்கத்துல ராட்சசக் கருந்துளைகளும் காலி.

நூறோட கயிறை வெட்டிடாதீங்க. ரெண்டு முழம் வெறுமனே தொங்கட்டும். "அப்புறம் மிஸ்?"னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான், அவன் கையில அந்த நுனியைக் குடுத்துடுங்க.