வண்டி தயார், மேடை எது? கஸ்டம் கார் கண்காட்சிகளில் பலரும் சறுக்கும் இடங்கள்

லாஸ் வேகஸில் நவம்பர் தொடக்கத்தில் நடக்கும், கார்களை மாற்றியமைக்கும் பாகங்களுக்கான சீமா ஷோவை யூடியூபில் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நம்ம வண்டியும் அங்கே நிக்கணும்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் 1967-இல் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில் தொடங்கி, 1977 முதல் லாஸ் வேகஸில் நடந்துவரும் சீமா அடிப்படையில் வியாபாரிகளுக்கான சந்தை. நம் இஷ்டத்துக்கு வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட முடியாது. ஸ்டால் எடுத்திருக்கும் ஏதாவது ஒரு நிறுவனம், தன் சக்கரத்துக்கோ சஸ்பென்ஷனுக்கோ விளம்பரமாக உங்கள் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பேச்சை ஆறேழு மாதங்களுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இதைவிட வலிக்கிற தவறு ஒன்று இருக்கிறது. டெட்ராய்ட் ஆட்டோராமா என்ற கஸ்டம் கார் கண்காட்சியில் 1964 முதல் தரப்படும் ரிட்லர் விருது, கஸ்டம் கார் கட்டும் அமெரிக்க பில்டர்கள் கனவு காணும் பரிசுகளில் ஒன்று. அதற்குப் போட்டியிடும் வண்டி அங்கேதான் முதன்முறையாகக் காட்சிக்கு வர வேண்டும் என்பது விதி. ஆட்டோராமா நடப்பது குளிர்காலத்தின் கடைசியில். நவம்பரில் சீமாவில் நிறுத்தி நாலு பேரிடம் பாராட்டு வாங்கிய வண்டிக்கு, அதற்குப் பிறகு டெட்ராய்டில் ரிட்லர் கிடையாது. வருஷக்கணக்கில் உழைத்த வண்டி ஒரே வாரத்தில் தகுதி இழந்துவிடும். கலிபோர்னியாவின் பொமோனாவில் நடக்கும் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோவிலோ, 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' பட்டத்துக்கு ரோட்ஸ்டர் வகை வண்டி, அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த கார், மட்டுமே நிற்க முடியும். கூரை வைத்த கூப்பே எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வேறு பிரிவுதான். ஆகவே முதல் வெல்டிங் வைப்பதற்கு முன்பே, எந்த மேடை என்று முடிவுசெய்து அதன் விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

சரி, மேடை முடிவாகிவிட்டது. அடுத்த எதிரி காலண்டர். கண்காட்சித் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணும்போது, பெயின்ட் காய்வதற்கான நாட்களைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். நம் ஊர் டிங்கரிங் கடைக்காரரிடம் கேட்டாலே சொல்வார்: பட்டியும் பிரைமரும் நன்றாக இறுகுவதற்கு முன் மேலே கலர் அடித்தால், அன்றைக்குக் கண்ணாடி போலத்தான் மின்னும். மூன்று நான்கு வாரத்தில் அடியில் உள்ள பூச்சு சுருங்கி, உப்புத்தாள் தேய்த்த கோடுகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். ஷெட்டின் டியூப்லைட்டில் கண்ணில் படாத கோடு, மண்டபத்தின் பளீர் விளக்கில் பல்லிளிக்கும்.

கதவு இடைவெளியிலும் இதே அவசரம் காலை வாரும். தகரம் மட்டும் இருக்கும் நிலையில் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே அழகாக மூன்று மில்லிமீட்டர் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று திருப்திப்படுவார்கள். அப்புறம் பிரைமர், கலர், கிளியர் கோட் என்று ஒவ்வொரு பூச்சும் இரண்டு விளிம்பிலும் ஏறும். இடைவெளி சுருங்கும். கடைசியில் கீல் லேசாகத் தொய்ந்தால் போதும், கதவைச் சாத்தும்போது விளிம்பில் பெயின்ட் பெயரும். பூச்சின் கனத்தைக் கணக்கில் சேர்த்து, தகர நிலையிலேயே கொஞ்சம் கூடுதலாக விட்டுவைப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள். பெரிய போட்டிகளில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் கண்ணாடி விரித்துவைக்கும் பழக்கமே இருக்கிறது. பானெட்டுக்கு மேலே லட்சங்களைக் கொட்டிவிட்டு, அடியில் பிரேக் குழாயைப் பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தால் அந்தக் கண்ணாடி அதையும் சேர்த்தே காட்டும். ஒயர்கள் போகும் வழி, போல்ட் தலைகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, பாலிஷ் மாவு இடுக்கில் வெள்ளையாகத் தங்கியிருக்கிறதா, இதையெல்லாம் தேடிப் பார்ப்பார்கள். பொமோனா ஷோ முன்பு ஓக்லாந்தில் நடந்தது. அங்கே 1950-இல் அந்த ரோட்ஸ்டர் பட்டத்தை முதன்முதலில் வென்ற பில் நீகேம்பின் 1929 ஃபோர்டு, பிறகு வேகப் பந்தயம் நடக்கும் எல் மிராஜ் உலர் ஏரியில் மணிக்கு 140 மைலுக்கு மேல் ஓடியது. அழகு வண்டி ஓடவும் வேண்டும் என்று நினைப்பவன் நான். என்ஜின் ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

வண்டி இல்லாமல் பொருளோடு போகிறவர்களுக்கு வேறு பள்ளங்கள் காத்திருக்கின்றன. பிரேக் பேடு, ஃபில்டர் போன்ற மாற்று உதிரிபாகம் செய்பவர் சீமாவில் ஸ்டால் எடுத்தால், கூட்டம் நிறைய வரும், ஆர்டர் வராது. அதே வாரம் அதே ஊரில் நடக்கும் ஏபெக்ஸ் கண்காட்சிதான் அவருக்கான இடம். ஸ்டால் வாடகையோடு செலவு முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தப்புக் கணக்கு. அமெரிக்க மண்டபங்களில் உங்கள் பெட்டியை லாரியிலிருந்து ஸ்டாலுக்குக் கொண்டுவர, ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் தனியாகக் கட்டணம் போடுவார்கள். மின் இணைப்புக்குத் தனி பில். இரும்புச் சாமானை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனவர்கள் பில்லைப் பார்த்து வாயடைத்துப்போவார்கள்.

காப்புரிமை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றை முதலில் ஸ்டாலில் வைத்துவிட்டு, "ஊருக்குப் போய் விண்ணப்பிக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க இடம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை அநேகமாக இல்லை. இந்தியச் சட்டத்தில் கண்காட்சிகளுக்கான 12 மாத விலக்கு, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தவற்றுக்கு மட்டும்தான். விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு பொருளை மேசையில் வையுங்கள். பக்கத்து வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறவர் ரசிகர்தான் என்று யார் சொன்னது?

வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி விலையாக இருக்காது. எந்த ஆண்டு, எந்த நிறுவனம், எந்த மாடலுக்குப் பொருந்தும் என்பதுதான். அந்தப் பட்டியல் இல்லாமல் பளபள பிரசுரத்தை நீட்டினால் அவர் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடுவார். புகை சம்பந்தப்பட்ட பாகம் என்றால், பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்தலாம் என்று கலிபோர்னியாவின் காற்று வாரியம் தரும் விலக்கு எண் இருக்கிறதா என்று கேட்பார். பெட்டியில் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற பழைய தந்திரம் இனி எடுபடாது.

கடைசியாக, வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். மண்டபத்துக்குள் தீயணைப்பு விதிகள் கறார். பொதுவாக டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் கூடாது, மூடியைப் பூட்டவோ டேப் ஒட்டவோ வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் தெரியாமல் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வாசலில் நின்று பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. சீமாவில் உள்ளே போன வண்டி வெள்ளிக்கிழமை ஷோ முடியும்வரை நகராது. அன்று மாலை வண்டிகள் வரிசையாகத் தெருவில் ஊர்வலம் போகும்போது வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம் நிற்கும். அந்த நேரத்தில் பேட்டரி இறங்கிப்போய் அசடு வழியாமல் இருக்க, டிக்கியில் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரும் பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் போட்டுவையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் திங்கட்கிழமையே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.