கதவு நிலையின்ட அடியை வெட்டி டைல்ஸ் போட எந்த மெஷின், எந்த பிளேட்

ஒரு வீட்டுல டைல்ஸ் வேலை எப்பிடி எண்டு பாக்கணும் எண்டா கதவு நிலையின்ட காலடியைப் பாருங்க. டைலை நிலைக்கால் வடிவத்துக்கு எல் மாதிரி வெட்டி வச்சு, மிச்ச இடைவெளிக்கு வெள்ளைச் சீமெந்தை அப்பி விட்டா அண்டைக்கு வடிவாத்தான் இருக்கும். கல்லடியில எங்கட வீட்டுக்கும் முதல் அப்பிடித்தான் செஞ்சு தந்தாங்க, ஒரு மாரி போனதோட மரம் ஊதி மறுகா காய்ஞ்சு சுருங்கி, சீமெந்து வெடிச்சு, வெடிப்புக்குள்ள ஊத்தை போய் கறுத்துட்டு. அடுத்த ரெண்டு அறைக்கும் நான் நிலையின்ட அடியை வெட்டி டைலை உள்ளுக்குத் தள்ளினன், இண்டைக்கும் ஒரு கோடு கூட தெரியாது.

மெஷின் வாங்க முதல் உங்கட நிலை என்ன எண்டு பாருங்க. கொங்கிரீட் நிலை எண்டா இந்த வேலையே வேணாம், உள்ளுக்குக் கம்பி கிடக்கும், அதுக்கு டைலை அளந்து வெட்டுறதுதான் சரி. மர நிலை எண்டா எங்கட பக்கம் அனேகமா முதிரை, பாலை, தேக்கு, வேம்பு. வெளிநாட்டு வீடியோவுல காட்டுறது மெல்லிய பைன் பலகை, வாள் வெண்ணெய்க்குள்ள போற மாதிரிப் போகும், பாலை அப்பிடி விடாது. இன்னொண்டு, எங்கட நிலை முழு மரம், கால் நிலத்துச் சீமெந்துக்குள்ள இறங்கியும் இருக்கும். அதனால காலை முழுசா அறுத்து எடுக்கத் தேவையில்ல, எடுக்கவும் கூடாது. வெளி முகத்துல இருந்து 15, 20 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் சுத்திவர வெட்டி, கீழ இருக்கிற துண்டை உளியால தட்டி எடுத்தாக் காணும், டைல் அதுக்குள்ள போய் ஒளிச்சிடும்.

மெஷினுக்கு வருவம். கைக்குக் கிட்ட இருக்கு எண்டு எல்லாரும் தூக்கிறது 4 இஞ்சி கிரைண்டர், அதுல பல்லு வச்ச மர டிஸ்க்கைப் பூட்டிக் கொண்டு வருவாங்க. தயவு செஞ்சு அதால வெட்ட விடாதீங்க. அது நிமிசத்துக்கு 11,000 சுத்துக்கு மேல சுத்துற சாமான், பல்லு ஒரு ஆணியிலயோ மரக் கணுவிலயோ கொளுவினா மெஷின் அப்பிடியே துள்ளி காலுக்கு வரும். அதோட டிஸ்க்குக்குக் கீழ நட்டு இருக்கிறதால நிலத்தோட ஒட்டி வெட்டவும் ஏலாது, மூலைக்கும் போகாது. இதுக்கெண்டே ஜாம் சோ எண்டு ஒண்டு இருக்கு, வட்ட பிளேட் படுத்த மாதிரி இருக்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நல்ல வேகம். ஆனா உள் மூலைக்கு அதுவும் அனேகமாப் போகாது, நாலு கதவுக்காக வாங்குற சாமானும் இல்ல. ஒரே ஒரு கதவு எண்டா பிளேட்டை விட கைப்பிடி உயர்ந்து நிக்கிற பிளஷ் கட் கைவாள் காணும், தோள் நோகும், அவ்வளவுதான். சாதாரண வாள் சரிவராது, கைப்பிடி நிலத்துல இடிக்கும்.

வீட்டுக்காரருக்கும் மேசன்மாருக்கும் நான் சொல்றது ஒசிலேட்டிங் மல்டி டூல். பிளேட் சுத்தாது, ஏறக்குறைய 3 பாகை அளவுக்கு இடம் வலமா அதிரும், நிமிசத்துக்கு 20,000 தரம் வரைக்கும். 1967ல ஃபைன் எண்ட ஜெர்மன் கம்பனி ஆஸ்பத்திரியில கை கால்ல போட்ட மாவுக்கட்டு வெட்டத்தான் இந்த முறையில மெஷின் செஞ்சது. அதுக்காக இது தோலை வெட்டாது எண்டு நினைக்காதீங்க, மர பிளேட்டின்ட பல்லு கையைக் கிழிக்கும். 300 வாட்ஸ் அளவுல இருக்கிறது, வேகம் கூட்டிக் குறைக்கக் கூடினது பாத்து எடுங்க. கனடாவில இருந்து மாமி ஆக்கள் அனுப்பின மெஷின் எண்டா லேபிளைப் பாருங்க, 120 வோல்ட் எண்டு இருந்தா எங்கட 230ல நேரா குத்தினா எரிஞ்சிடும்.

பிளேட்டுலதான் கனபேர் காசை விடுறாங்க. மெஷினோட வாற சாதாரண ஸ்டீல் பிளேட் முதிரையில ஒரு காலை வெட்ட முதல் மழுங்கிப் போகும். ஜப்பான் வாள் மாதிரிப் பெரிய பல்லு வச்ச பிளேட் மரத்துல வேகம், ஒரு ஆணி பட்டா அதோட சரி. பழைய நிலைக்குள்ள ஆணி எங்க கிடக்கெண்டு யாருக்கும் தெரியாதே, அதனால ரெண்டு உலோகத்தை ஒட்டிச் செஞ்ச பைமெட்டல் பிளேட் எடுங்க, 32 அல்லது 35 மி.மீ. அகலம். கடினமான மரம், ஸ்க்ரூ ஆணி எண்டா பல்லுல கார்பைட் வச்ச பிளேட், விலை கூட, ஆனா கன நேரம் நிக்கும். நீளமா நேர் கோடு வேணும் எண்டா அரை வட்ட பிளேட் நல்லம், அது ஆழத்துக்குப் போகாது, மூலைக்கு மறுகா 32தான். பூட்டுற ஓட்டை மெஷினுக்கு மெஷின் வித்தியாசம், பழைய பிளேட்டைக் கடைக்குக் கொண்டு போங்க.

உயரத்துக்கு அளவுகோல் வேணாம். போடப் போற டைலில ஒரு துண்டை எடுத்து, பசை நிக்கிற 4, 5 மி.மீ. உயரத்துக்கு மட்டையோ பிளைவுட்டோ கீழ வச்சு, அதுக்கு மேல பிளேட்டை மட்டமாப் படுக்க வச்சு வெட்டுங்க, பிளேட்டின்ட தடிப்பே வேண்டிய இடைவெளியைத் தந்திடும். மெஷினை முதல் ஓட விட்டு மறுகா மரத்துல வைங்க. முதல் 3 மி.மீ. மட்டும் கோடு மாதிரிக் கீறி, மறுகா ஆழமாக்குங்க. அமத்த வேணாம், இடம் வலமா ஆட்டி ஆட்டித் தூளை வெளியில எடுங்க. புகை வந்தா, மரம் கறுத்தா வேகத்தைக் குறைச்சு ஆற விடுங்க, சூட்டுல பல்லு நீலமாப் போனா அந்த பிளேட் முடிஞ்சு. சத்தம் கீச்செண்டு மாறினா ஆணி, மெதுவாப் போங்க. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், முதிரைத் தூள் பட்டா சில பேருக்கு உடம்பு கடிச்சுத் தடிக்கும்.

துண்டை எடுத்தாப் பிறகு டைல் துண்டைத் தள்ளிப் பாருங்க, இறுக்கமா இருந்தா இன்னும் கொஞ்சம் வெட்டுங்க, ஏனெண்டா பசை போட்டாப் பிறகு வெட்ட ஏலாது. வெட்டின முகத்துக்கு கறையான் மருந்தும் பிரைமரும் ரெண்டு கோட் அடிச்சு நல்லாக் காய விடுங்க. கதவையும் அண்டைக்கே கழட்டி அடியைச் சீவுங்க, டைல் ஏறின பிறகு கதவு திறக்காது.