அம்மாவின் சுகர் மாத்திரையை ஜெனரிக்குக்கு மாற்றிய விதம்

அம்மாவுக்கு மூன்று மாத்திரை: கிளைமிபிரைட், மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டின். கடைசியாகச் சொன்னதன் காப்புரிமை 2019 டிசம்பரிலேயே முடிந்து, பல கம்பெனிகள் அதே மருந்தை மலிவாகத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. இப்படி வருவதுதான் ஜெனரிக். அது தெரியாமல் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

1. மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுங்கள். மருந்தின் பெயர் பிராண்டைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயரும் மில்லிகிராமும்தான்.

2. டாக்டரிடம் மருந்தின் பெயரிலேயே சீட்டு எழுதி வாங்குங்கள். சீட்டில் பிராண்ட் இருந்தால், கடைக்காரர் தானாக வேறு கம்பெனியுடையதை மாற்றித் தர சட்டம் இடம் கொடுக்காது.

3. வாங்குவது. மத்திய அரசின் மக்கள் மருந்தகம், இல்லையென்றால் 2025-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம். கிளம்புமுன் போன் போட்டு இருப்பு கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். அம்மாவுடையது மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்., அதாவது மெதுவாகக் கரைவது. நான் '500' என்று மட்டும் சொல்லி சாதா மாத்திரையை வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள், "வயித்தக் கலக்குதுடா, இந்த மலிவு மாத்திரையெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்றார். மாத்திரை மேல் தப்பில்லை. விட்டுப்போன இரண்டு எழுத்து. சாதா மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைப் படுத்தும். எஸ்.ஆர்., பி.ஆர்., இ.ஆர். என்று கம்பெனிக்குக் கம்பெனி போடுவார்கள். மூன்றும் மெதுவாகக் கரையும் வகையே. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

4. பழைய அட்டைகளை அன்றைக்கே கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குப் பெயர் கணக்கில்லை, நிறம்தான். புது வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ரோஸ் மாத்திரை எங்கடா?" என்று தேடினார். இரண்டும் கிளைமிபிரைட். இரட்டிப்பாகப் போனால் லோ சுகர், வியர்வை, நடுக்கம்.

மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்துப் போட்டு வைக்கும் ஏழு நாள் டப்பா எனக்குப் பிடிக்காது. அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. அட்டையை அப்படியே கடைக் காகிதக் கவரில் போட்டு, மேலே பேனாவால் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா. அம்மாவுக்கு அதுவே போதும்.

5. இரண்டு வாரம், டாக்டர் சொன்ன நாள்களில் வெறும் வயிற்றுச் சுகர் பாருங்கள், அதே மீட்டரில். மீட்டரையும் சேர்த்து மாற்றினால் எது ஏற்றியது, எது இறக்கியது என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். அந்தக் கதை வேறு.

பின்சேர்க்கை: "மாத்திரை கரையாமல் மலத்தில் அப்படியே வருகிறதே, போலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சில எஸ்.ஆர். மாத்திரைகளில் மருந்து உள்ளே இறங்கியபின் கூடு மட்டும் வெளியே வரும். பிராண்டிலும் உண்டு. சுகர் அளவு ஒழுங்காக இருந்தால் பயமில்லை. ஏறினால் அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.