ஜார்ஜ்டவுன் வெயில்ல கல்யாணப் பொண்ணை அழகா போட்டோ எடுக்குறது எப்படி

பினாங்குல அவுட்டோர் ஷூட்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த இடம்?"னுதான், ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டா, பொட்டானிக் கார்டனா, பத்து ஃபெரிங்கி கடற்கரையான்னு. இடத்தை அப்புறம் பாத்துக்கலாங்க, பொண்ணு முகத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுதுன்னு முதல்ல பாருங்க. ஐஎஸ்ஓ, ஷட்டர் மாத்தத் தெரியும்னு வச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

1. நேரம்

வெளிநாட்டு வீடியோக்கள்ல பன்னெண்டு மணி வெயில்தான் மோசம்பாங்க, நமக்கு அது ஒத்து வராது. 1982-ல மலேசியத் தீபகற்பத்துல கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சாங்க இல்லையா, அதுலேர்ந்து இங்க சூரியன் உச்சிக்கு வரவே ஒண்ணேகால் ஒண்ணரை ஆயிடுது. அதனால 11 மணிலேர்ந்து மூணரை வரைக்கும் திறந்த வெளி வேணாம், கண்ணு ரெண்டும் இருண்டு போயிடும், நெத்திச்சுட்டி நிழல் புருவத்துக்கு நடுவுல இறங்கி நிக்கும். காலையில எட்டுலேர்ந்து ஒம்போதரை நல்லா இருக்கும், இல்லன்னா சாயங்காலம் ஆறுக்கு மேல. ஆனா நம்ம பக்கம் சூரியன் செங்குத்தா சட்டுனு இறங்கிடும், அந்தப் பொன் வெளிச்சம் காத்துக்கிட்டு இருக்காது, அஞ்சரைக்கே சேலை மடிப்பெல்லாம் சரி பண்ணி ரெடியா இருக்கணும்னு மேக்கப் அக்காகிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

2. நடு வெயில்லதான் டைம் கிடைக்குதா? அஞ்சடிக்குப் போங்க

முகூர்த்தம், சாப்பாடு எல்லாம் முடிஞ்சு வெளிய வர்றப்ப பெரும்பாலும் உச்சி வெயில்தான் இருக்கும். அஞ்சடின்னா பழைய கடைவீட்டு வாசல்ல இருக்குற நடைபாதை, அதுல மேல கூரை, ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் தெரு. மேலேர்ந்து வர்ற வெளிச்சம் அடைபட்டு தெருப் பக்கத்துலேர்ந்து மட்டும் மெத்துன்னு வரும். பொண்ணை ரொம்ப உள்ள தள்ளாம, நிழல் முடியிற கோட்டுக்கு ஒரு அடி உள்ள நிக்க வச்சு முகத்தைப் பாதி தெருப் பக்கம் திருப்பச் சொல்லுங்க. கருவிழியில சின்னதா ஒரு வெளிச்சப் புள்ளி விழணும், விழலைன்னா இன்னும் கொஞ்சம் முன்னால வாங்கம்மான்னு கூப்பிடுங்க. நீங்க அஞ்சடியோட நீளவாக்குல நின்னு எடுங்க, பின்னாடி தூண் வரிசை தானா மங்கிடும். கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கணும், அது அவங்க வாசல்.

எதிர்ச் சுவரையும் பாருங்க. அது வெள்ளையா இருந்து வெயில் அடிச்சா உங்களுக்கு ஓசியில ஒரு பெரிய ரிஃப்ளெக்டர். நீலமோ மஞ்சளோ பூசியிருந்தா அந்தக் கலர் அப்படியே கன்னத்துல ஏறும். புல்தரையும் இதே கதைதான், கார்டன்ல மரத்தடியில எடுத்தா தாடைக்குக் கீழ பச்சை அடிக்கும், அங்க போனா சிமெண்ட் நடைபாதை மேல நிக்க வைங்க.

3. சிவப்புப் பட்டு

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத விஷயம் இது, அதனால நீட்டித்தான் சொல்லப் போறேன். அரக்குச் சிவப்புப் பட்டு, ஜரிகை, தங்கம், தலை நிறைய மல்லிப்பூ. கேமரா ஸ்க்ரீன்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து பெருசாக்கிப் பாத்தா சேலையில நெசவே இருக்காது, மடிப்பு எது முந்தானை எதுன்னு தெரியாம ஒரே சிவப்பா தட்டையா கிடக்கும். கேமராவுல வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம், அதான் ஹிஸ்டோகிராம், சாதாரணமா மொத்த வெளிச்சத்தைத்தான் காட்டும், சிவப்பு சேனல் மட்டும் தனியா எகிறிப் போறது அதுல தெரியாது. மெனுவுல சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணுங்க. சிவப்பு மட்டும் வலது ஓரத்துல போய் முட்டுதுன்னா எக்ஸ்போஷரை மூணுல ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்) குறைச்சு இன்னொண்ணு எடுத்துப் பாருங்க, ஜரிகை இழை திரும்பத் தெரிய ஆரம்பிக்கும். கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கிற ரா ஃபைல்ல எடுத்தா முகத்துக்கு மட்டும் அப்புறம் வெளிச்சம் ஏத்திக்கலாம், ஆனா எகிறிப் போன சிவப்பை முழுசா மீட்க முடியாது.

ஏத்துறதுன்னா நிழலை நீக்குற அளவுக்குத்தான். மாநிறமா இருக்குற பொண்ணை வெளுப்பாக்கிக் கொடுக்குற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி செவந்த கை வேற நிறம்னு ஆயிடும், அந்தப் பொண்ணோட முகமே அதுல இருக்காது.

4. லென்ஸ், ரிஃப்ளெக்டர்

85 எம்எம் 1.8 போதும், பெரிய ஜூம் வேணாம். எஃப் 1.8-ல, அதாவது லென்ஸ் துவாரத்தை முழுசாத் திறந்து, கிட்ட போய் எடுத்தா கண்ணு ஷார்ப்பா இருக்கும், ஜிமிக்கி மங்கிப் போயிடும், அதனால எஃப் 2.8-லேயே வச்சுக்குங்க. ரிஃப்ளெக்டர்ல வெள்ளைப் பக்கம் மட்டும்தான். சில்வர் கண்ணைக் கூச வைக்கும், கோல்டு ஏற்கனவே நகை போட்ட கழுத்தை மஞ்சக் குளிச்ச மாதிரி ஆக்கிடும். நெஞ்சு உயரத்துல சைடுலேர்ந்து பிடிக்கணும், கீழேர்ந்து பிடிச்சா மூக்குக்கு மேல நிழல் ஏறும்.

பின்னால சேர்த்தது

லென்ஸ் ஆவி அடிக்குதுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. ஏர்கான் கார்லேர்ந்து நேரா நம்ம புழுக்கத்துக்கு எடுத்தா அப்படித்தான் ஆகும். துடைச்சுக்கிட்டே இருக்காதீங்க, திரும்பத் திரும்ப வரும். கேமராவை பேக்குலேயே மூடி, ஏர்கான் படாத கார் பின்பக்க பூட்ல வச்சுக் கொண்டு போனா அந்தத் தொல்லை இல்ல.

போன்ல எடுக்கலாமான்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க. தாராளமா எடுக்கலாம்மா. 2எக்ஸ்ல வச்சு முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இழுத்துக்குங்க. போர்ட்ரெய்ட் மோடு மட்டும் ஆஃப்ல இருக்கட்டும், அது பூச்சரத்தோட ஓரத்தையும் ஜிமிக்கிக் குண்டுமணியையும் சேத்து அழிச்சிடுது.