மேல்தட்டு பாட்டில்கள் மட்டும் கசிந்தது ஏன்?

நிலவறையில் படுக்க வைத்திருந்த 2010 போர்தோ (பிரான்ஸ்) சிவப்பு ஒயினில் ஆறு பாட்டிலின் கழுத்து பிசுபிசுத்தது. மூடியைச் சுற்றிய தகட்டைத் திருகிப் பார்த்தால் அசையவே இல்லை. நல்ல பாட்டிலில் பெரும்பாலும் அது லேசாகச் சுழலும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒயின் கசிந்து காய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கார்க் காய்ந்துவிட்டது என்று நினைத்து தண்ணீர்த் தட்டு வைத்தேன். ஈரப்பதம் 55-லிருந்து 75 சதவீதமானது. லேபிளில் பூஞ்சை வந்ததுதான் மிச்சம். சுவர் வெப்பமானி எப்போது பார்த்தாலும் 14 டிகிரி. இரண்டு வாரம் வீண்.

கசிந்தவை எல்லாமே மேல்தட்டு என்பதை அப்புறம்தான் கவனித்தேன். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, உச்ச-நீச்சம் காட்டும் வெப்பமானியின் முனையை உள்ளே விட்டு, 24 மணி நேரம் அங்கே வைத்தேன்: நீச்சம் 14, உச்சம் 23 டிகிரி. மேலே ஓடும் ஹீட்டர் குழாய் இரவில் சூடாகிறது! பத்து டிகிரி ஏறினால் 750 மில்லி ஒயின் சுமார் 2 மில்லி விரியும். கார்க்கை ஒட்டித்தான் வெளியே வரும்.

குழாய்க்கு 25 மி.மீ. நுரை உறை போட்டு, மேல்தட்டைக் காலி செய்தேன். இப்போது 13, 14. அப்பாடா! கசிந்த ஆறையும் இனி வைத்திருக்காமல் முதலில் குடித்துவிட வேண்டும்.