வயரைக் கழற்றியதும் படம் ஓடியது

செந்தூல் அடுக்குமாடி வீட்டில், அறைக் கணினியில் உள்ள 4கே படங்களை ஹால் டிவியில் பார்ப்போம். சண்டைக் காட்சி வந்தால் போதும், திக்கித் திக்கி நிற்கும். "இன்டர்நெட்காரனுக்குப் போன் போடுய்யா" என்றார் அப்பா. வீட்டுக்குள்ளேயே ஓடும் படத்துக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமில்லை.

ரௌட்டர் அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன்: கணினியின் வயர் இணைப்பு வேகம் நொடிக்கு 1000 மெகாபிட் (Mbps), டிவியுடையது வெறும் 100. கேபிளை மாற்றியும் அதே 100. பல ஸ்மார்ட் டிவிகளில் நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட்டின் வேகமே அவ்வளவுதான். ப்ளூ-ரே தரத்து 4கே கோப்பு, பரபரப்பான காட்சிகளில் அதைத் தாண்டிவிடும்.

சரி என்று வயரைக் கழற்றி, டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்தேன். தங்குதடையில்லாமல் ஓடியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேண்டாம், அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதில்தான் மோதும். ரௌட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் 5-ம் தளர்ந்துவிடும். அப்போது யூஎஸ்பி கிகாபிட் அடாப்டரை (டிவியின் யூஎஸ்பியில் செருகி, லேன் போர்ட்டைவிட வேகமாக கேபிளை இணைக்க உதவும் கருவி) உங்கள் டிவி ஏற்குமா என்று பாருங்கள்.